வங்கக் கடலில் புயல் உருவாகுமா? செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் முறை

ஐப்பசி பிறந்துவிட்டால் வங்கக் கடலின் அகச்சிவப்புப் படங்கள் கைபேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும். தென்மேற்கு வங்கக் கடலில் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தால் போதும், மறுநாள் புயல் என்று எழுதிப் பகிர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சிவப்பு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அங்கே மேகத்தின் உச்சி மிகவும் குளிர்ந்திருக்கிறது, அதாவது மேகம் உயரமாக வளர்ந்திருக்கிறது. கடல் மட்டத்தில் காற்று சுழல்கிறதா இல்லையா என்பதை அந்த நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. புயல் பிறப்பதோ கடல் மட்டத்தில்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, 5 முதல் 15 டிகிரி வட அட்சம், 80 முதல் 95 டிகிரி கிழக்குத் தீர்க்கம் என்ற கடற்பரப்பில் ஒரு மேகத் திரள் தாழ்வு மண்டலமாகவும் பிறகு புயலாகவும் மாறுமா என்பதை முன்கூட்டியே கணிக்கும் முறை கீழே. தமிழகத்தையும் இலங்கையையும் தாக்கும் வடகிழக்குப் பருவமழைக் காலப் புயல்களில் பெரும்பாலானவை இந்தப் பரப்பில்தான் உருவாகின்றன, அல்லது இதன் வழியாகத்தான் வருகின்றன. கணிப்பின் அடிப்படை விதி இது: முதலில் மையத்தைத் தேடுங்கள், மேகத்தைப் பிறகு பாருங்கள்.

எந்தப் படம், எத்தனை மணிக்கு

நமக்கு முதன்மையானவை இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள். 2016-இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர் 74 டிகிரி கிழக்கிலும், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் 82 டிகிரி கிழக்கிலும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு படம் எடுக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தால் 15 நிமிடத்துக்கு ஒரு படம் கிடைக்கும். கண்ணுறு ஒளிப் படத்தின் நுணுக்கம் 1 கி.மீ., அகச்சிவப்பு 4 கி.மீ., நீராவிப் படம் 8 கி.மீ. இந்திய வானிலைத் துறையின் ரேபிட் தளத்திலும் இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்திலும் இவற்றைப் பார்க்கலாம்.

ஜப்பானின் ஹிமவாரி-9 பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருவதால் பலர் அதையே விரும்புகிறார்கள். அந்தமான் கடலுக்கும் தாய்லாந்து வளைகுடாவுக்கும் அது அருமையானது. ஆனால் அது 140.7 டிகிரி கிழக்கிலிருந்து நம் கடலைச் சாய்வாகப் பார்க்கிறது. 85 டிகிரி கிழக்கில் 15 கி.மீ. உயரமுள்ள ஒரு மேக உச்சி, ஹிமவாரி படத்தில் உண்மையான இடத்திலிருந்து சுமார் 30 கி.மீ. மேற்கே தள்ளித் தெரியும். இன்சாட்டில் இந்தப் பிழை 3 முதல் 5 கி.மீ. மட்டுமே. ஹிமவாரி மேகத்தின் மேல் வேறொரு கருவியின் காற்றுப் படத்தை அப்படியே ஒட்டினால், மேகம் மையத்துக்கு மேற்கே விலகி நிற்பதுபோல் ஒரு பொய்த் தோற்றம் வரும். மையத்தைக் குறிப்பதை இன்சாட்டில் செய்யுங்கள்.

படத்தைத் திறந்ததும் மூலையில் உள்ள நிற அளவுகோலைப் பாருங்கள். ஒரு தளத்தில் சிவப்பு என்பது மைனஸ் 60 டிகிரி, இன்னொன்றில் மைனஸ் 75. அளவுகோல் வெட்டப்பட்டுப் பகிரப்படும் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நேரமும் அப்படித்தான். படங்களில் இருப்பது உலகப் பொது நேரம், அதோடு ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பதிவேட்டில் இந்திய நேரம் காலை 5.30, 11.30, மாலை 5.30, இரவு 11.30 என நான்கு வேளை குறிப்பது வசதி. உலகெங்கும் கணிப்பு மையங்கள் இயங்கும் நேரங்களும் இவைதான்.

ஒரு வாரத்துக்கு முன்

உருவாவதற்கு ஐந்து முதல் ஏழு நாள் முன்னால் தனி மேகத் திரள்களைப் பார்ப்பதில் பயனில்லை. பெரும் பரப்பைப் பாருங்கள். இந்தியப் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் மேகம் வழக்கத்தைவிட அதிகமா? நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகரும் மேக, மழை அலையான மேடன்-ஜூலியன் அலைவு, அதற்குரிய வட்ட வரைபடத்தில் 3 அல்லது 4-ஆம் கட்டத்தில் இருந்தால் வங்கக் கடல் விழித்துக்கொள்ளும் வாய்ப்பு கூடும். நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்குக் காற்று வலுத்து, அதற்கு வடக்கிலும் தெற்கிலும் ஒரே நேரத்தில் இரண்டு சுழற்சிகள் தலைகாட்டினால் அது வலுவான அறிகுறி. 2022 மே மாதத்தில் வடக்கே அசானியும் தெற்கே கரீமும் அப்படி ஜோடியாக உருவாயின.

100 டிகிரி கிழக்குக்கு அப்பாலும் ஒரு கண் இருக்கட்டும். தென்சீனக் கடலிலிருந்தோ தாய்லாந்து வளைகுடாவிலிருந்தோ வரும் சுழற்சி மலாய் தீபகற்பத்தைத் தாண்டி அந்தமான் கடலில் மீண்டும் உயிர்பெறுவது நம் பருவத்தில் அடிக்கடி நடப்பது. 2018 நவம்பரின் கஜாவுக்கு வித்து அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. 2019 ஜனவரியில் பபுக் புயல் தாய்லாந்தைக் கடந்து நேராக அந்தமான் கடலுக்குள் நுழைந்தது. தரையைத் தாண்டும்போது மேகம் கலைந்துவிடும். ஆனால் சுழற்சி மிஞ்சியிருக்கும். மேகம் போய்விட்டது என்று கண்காணிப்பை நிறுத்துவது இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு.

மையத்தைக் கண்டுபிடிப்பது

கடைசி 6 மணி நேரப் படங்களை 15 நிமிட இடைவெளியில் ஓடவிடுங்கள். பளிச்சென்று தெரியும் நடுப்பகுதியை விட்டுவிட்டுத் திரளின் விளிம்புகளைக் கவனியுங்கள். அங்கே இரண்டு வகை மேகம் இருக்கும். நார் நாராக, வேகமாக நகர்வது 10 கி.மீ.க்கு மேலுள்ள கீற்று மேகம். அது மேல்காற்றின் திசையைச் சொல்கிறது. சிறு சிறு உருண்டைகளாக வரிசைகட்டி மெதுவாக நகர்வது 1 முதல் 2 கி.மீ. உயரத்திலுள்ள தாழ்மேகம். நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. அந்தத் தாழ்மேக வரிசைகள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றன என்று, திரையின் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து அம்புக்குறி போட்டுக் குறியுங்கள்.

இதற்குச் சிறந்த நேரம் சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரம், காலை 6.30 முதல் 8.30 வரை. சாய்ந்த ஒளியில் தாழ்மேகத்தின் மேடு பள்ளங்களும் நிழல்களும் தெளிவாகத் தெரியும். இரவில் கண்ணுறு ஒளிப் படம் கிடையாது. வெறும் அகச்சிவப்புப் படத்தில் தாழ்மேகத்தின் வெப்பநிலை கடலின் வெப்பநிலைக்கு மிக அருகில் இருப்பதால் அது கண்ணில் படாது. இரவில் 3.9 மைக்ரான் படத்துக்கும் 10.8 மைக்ரான் படத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் படத்தைப் பயன்படுத்துங்கள். மேலே கீற்று மேகம் மூடாத இடங்களில் தாழ்மேகம் அதில் தனியாகத் தெரியும்.

இங்கே ஏமாற்றுவது நடுமட்டச் சுழல். இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்த ஒரு பெரிய இடிமேகத் திரள் காலையில் கலையும்போது, 3 முதல் 6 கி.மீ. உயரத்தில் ஒரு சுழலை விட்டுச் செல்லும். படத்தை ஓடவிட்டால் அது அழகாகச் சுழலும். கீழே தாழ்மேக வரிசைகளோ அதைச் சட்டை செய்யாமல் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நேர்கோட்டில் போய்க்கொண்டிருக்கும். அப்படிப் போனால் கடல் மட்டத்தில் மையம் இல்லை. அந்தச் சுழல் நாளடைவில் கீழிறங்கவும் கூடும், கலைந்தும் போகும். அன்றைய பதிவேட்டில் எழுத வேண்டியது: ‘மையம் இல்லை’.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மையங்கள் கிடைத்தால், கிழக்கு மேற்காக நீண்ட ஒரு தாழ்வுநிலையைப் பார்க்கிறீர்கள் என்று பொருள். எந்த மையம் வெல்லும் என்று தெரியாதவரை நாள் குறிக்காதீர்கள். 6 மணி நேரமாகக் குறித்த புள்ளிகள் எல்லாம் 2.5 டிகிரி, அதாவது சுமார் 275 கி.மீ. அகலத்துக்குள் அடங்கினால் மையம் இருக்கிறது என்று ஏற்கலாம். அடுத்து, காற்றே அதை உறுதிப்படுத்த வேண்டும்.

கடற்பரப்புக் காற்று: தெற்குப் பக்கத்தைப் பாருங்கள்

ஸ்கேட்டரோமீட்டர் என்பது கடல்மேல் மைக்ரோவேவ் துடிப்புகளை அனுப்பி, காற்று கிளப்பும் சிற்றலைகளில் பட்டுத் திரும்புவதை வைத்துக் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவி. ஐரோப்பாவின் மெட்டாப்-பி, மெட்டாப்-சி செயற்கைக்கோள்கள் இரண்டிலும் ஏஸ்கேட் என்ற இந்தக் கருவி இருக்கிறது. உள்ளூர் நேரப்படி காலை 9.30, இரவு 9.30 மணியை ஒட்டிக் கடக்கும். 2022 நவம்பரில் ஏவப்பட்ட நமது ஓஷன்சாட்-3 நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டிக் கடக்கும். ஆகவே நாளில் நான்கு வேளை வாய்ப்பு உண்டு. தரவு கைக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். படத்தில் ஒவ்வொரு பட்டையின் மேலும் அச்சிட்டிருக்கும் நேரத்தைப் பார்க்காமல் பயன்படுத்தினால் நேற்றைய காற்றை இன்றைய மேகத்தோடு பொருத்திவிடுவீர்கள்.

ஏஸ்கேட் பாதையின் இருபுறமும் சுமார் 550 கி.மீ. அகலத்துக்கு இரண்டு பட்டைகளாக அளக்கிறது. நடுவே சுமார் 700 கி.மீ. வெற்றிடம். நமது தாழ்வுநிலை முழுவதுமாக அந்த வெற்றிடத்தில் விழுவது சாதாரணம். ஒன்றில் விழுந்தால் மற்ற மெட்டாப்பைப் பாருங்கள். ஓஷன்சாட்டுக்கு இந்த இடைவெளி கிடையாது, ஆனால் 13.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கனமழையில் குழம்பிவிடும். மழை பெய்யும் இடத்தில் மெல்லிய காற்றையும் வலுத்ததாகக் காட்டும். திசைக்குறிகள் செயற்கைக்கோள் பாதைக்குக் குறுக்காகத் திரும்பி நிற்கும். அப்படி வரிசையாகக் குறுக்கே நிற்கும் குறிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏஸ்கேட்டின் 5.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மழையை ஓரளவு தாங்கும். இரண்டும் முரண்பட்டால் மழைப் பகுதியில் ஏஸ்கேட்டையே நம்புங்கள்.

இனி முக்கியமான பகுதி. பருவமழைக் காலத்தில் மையத்துக்கு வடக்கே 20, 25 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வடகிழக்குக் காற்று இருப்பதில் வியப்பில்லை. வடக்கே நிலத்தின் மேலுள்ள உயர் அழுத்தத்துக்கும் தெற்கே கடலின் தாழ் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடே அதைத் தந்துவிடும். ‘25 நாட் வந்துவிட்டது, தாழ்வு மண்டலம் ஆகிவிட்டது’ என்று குதிப்பவர்கள் பார்ப்பது இந்தக் காற்றைத்தான். கேட்க வேண்டிய கேள்வி: மையத்துக்குத் தெற்கே மேற்குக் காற்று இருக்கிறதா? காற்று வடகிழக்கிலிருந்து கிழக்காகவும் பிறகு தென்கிழக்காகவும் மட்டும் திரும்பினால் அது மூடாத அலை. தெற்கே 10 நாட் ஆனாலும் மேற்கு அல்லது தென்மேற்குக் காற்று, 25 கி.மீ. கட்டங்கள் மூன்று நான்காவது தொடர்ச்சியாக இருந்தால்தான் சுழற்சி மூடியிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு கடப்புகளில் அது தெரிந்தால் ‘மையம் உறுதி’ என்று எழுதலாம்.

கரையை ஒட்டி 20, 30 கி.மீ.க்குக் கருவி வேலை செய்யாது. இலங்கையின் கிழக்குக் கரை, பாக் நீரிணை, மன்னார் வளைகுடா ஆகியவற்றில் பாதி வட்டம்தான் கிடைக்கும். அங்கே கடற்கரை நிலையங்களின் அழுத்த அளவீடுகளும் ரேடாரும்தான் கைகொடுக்கும்.

டி1 எப்போது தரலாம்

அமெரிக்க வானிலையாளர் வெர்னன் துவோரக் 1970-களில் வகுத்து 1984-இல் செம்மைப்படுத்திய முறைதான் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. மேக வடிவத்தை வைத்து டி1 முதல் டி8 வரை அரை அரையாக எண் தருவார்கள். நம் கடலில் டி1.5 தாழ்வு மண்டலம், டி2 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், டி2.5 புயல் என்று பொருந்தும். உருவாக்கத்தைக் கணிப்பவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் முதல் டி1. அதைத் தர மூன்று நிபந்தனைகள் உண்டு. இடிமேகத் திரள் 12 மணி நேரமாவது நீடித்திருக்க வேண்டும். மேலே சொன்னபடி 2.5 டிகிரிக்குள் அடங்கும் மையம் 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். மைனஸ் 31 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்த அடர் மேகம் 1.5 டிகிரிக்கு, அதாவது சுமார் 165 கி.மீ.க்குக் குறையாமல் பரவி, மையத்திலிருந்து 2 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

மைனஸ் 31 என்ற எல்லையைக் கவனியுங்கள். மைனஸ் 80 கேட்கவே இல்லை. மிகக் குளிர்ந்த உச்சியைவிட, மையத்தருகே நீடிக்கும் சாதாரண இடிமேகம் மதிப்புமிக்கது.

மூன்றும் நிறைவேறினால், சூழல் கெடாதவரை டி1-இலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் டி2.5 வரும் என்பது இந்த முறையின் கணக்கு. நாளொன்றுக்கு ஒரு டி-எண் என்பது இயல்பான வளர்ச்சி. 2017-இல் ஒக்கி, நவம்பர் 29 காலை 8.30 மணிக்கு இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாகவும், மறுநாள் காலை 8.30 மணிக்குக் குமரிக் கடலில் புயலாகவும் இருந்தது. டி1.5-இலிருந்து டி2.5-க்கு ஒரு நாள். இந்த முறையின்படி அது இயல்பான வேகமே. ஆனால் பல நாள் தங்கலுக்குப் போன ஆழ்கடல் மீனவர்கள் அதற்கு முன்பே கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. தாழ்வு மண்டலம் என்று அறிவிக்கப்பட்ட பிறகு கிடைக்கும் ஒரு நாள், கரைக்கு நூற்றுக்கணக்கான கி.மீ. அப்பால் உள்ள படகுக்குப் போதாது. டி1-க்கு முந்தைய கட்டத்தைக் கவனமாகப் படிக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

டி1-க்குப் பிறகு மேகப் பட்டை மையத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வளைகிறது என்று அளக்க வேண்டும். 10 டிகிரி மடக்கைச் சுருள் (மையத்திலிருந்து விலக விலக அகன்று விரியும் சுருள் கோடு) அச்சிட்ட கண்ணாடித் தாளை மையத்தில் பொருத்தி, பட்டை முழு வட்டத்தில் எத்தனை பங்கை நிரப்புகிறது என்று பாருங்கள். 0.2 முதல் 0.35 வரை என்றால் டி1-க்கும் டி2-க்கும் இடையில். 0.4-ஐத் தாண்டினால் டி2.5. சுருளை மையத்தில் வைக்காமல் மேகத்தின் நடுவில் வைத்தால் எப்போதும் கூடுதலாக வரும். தொடக்க நாளில் டி2.5-க்கு மேல் விடை வந்தால் மையத்தை மீண்டும் சரிபாருங்கள், முதல் 24 மணி நேரத்தில் அதற்கு மேல் தர முறையே அனுமதிப்பதில்லை.

காலை மேகமும் மாலை மேகமும்

கடல் மேல் இடிமேகங்கள் பின்னிரவிலிருந்து காலை வரை பெருகி, பிற்பகலிலும் மாலையிலும் சுருங்கும். இரவில் மேக உச்சி வெப்பத்தை விண்ணுக்கு இழந்து குளிர்வது இதற்கு ஒரு காரணம். அதனால் காலை 5.30 மணிப் படத்தை முந்தைய மாலைப் படத்தோடு ஒப்பிட்டால் எந்தத் திரளும் பொங்கி எழுவதுபோல்தான் தெரியும். காலையை முந்தைய காலையோடும் மாலையை முந்தைய மாலையோடும் ஒப்பிடுங்கள். நாங்கள் அதிகம் மதிப்பது மாலை 4 மணிப் படத்தை. நாளின் மிக மோசமான அந்த நேரத்திலும் மையத்தருகே மைனஸ் 31-க்குக் கீழான மேகம் தாக்குப்பிடித்தால், அந்தத் திரளைச் சூரியனைவிடச் சுழற்சிதான் ஆள்கிறது. இரண்டு மாலைகள் தொடர்ந்து தாக்குப்பிடித்தால் வாய்ப்பைத் தயங்காமல் ஒரு படி உயர்த்துங்கள்.

மேல்காற்று விடுமா?

கீழ்மட்டக் காற்றுக்கும் மேல்மட்டக் காற்றுக்கும் திசையிலும் வேகத்திலும் உள்ள வேறுபாட்டை விண்ட் ஷியர் என்கிறோம். இது அதிகமானால் மேகத்தின் தலை மையத்தை விட்டுத் தள்ளப்படும், வெப்பம் மையத்தின் மேல் குவியாது, அழுத்தம் குறையாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிம்ஸ் தளம் மேக நகர்விலிருந்து கணக்கிட்ட ஷியர் வரைபடத்தைத் தருகிறது. 20 நாட்டுக்குக் கீழே என்றால் சாதகம், அதைத் தாண்டினால் போராட்டம், 30-ஐத் தாண்டினால் உருவாவது அரிது.

மையம் இப்போது நிற்கும் இடத்து எண்ணை மட்டும் படித்து நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. அடுத்த 48 மணி நேரம் அது போகப்போகும் பாதையில் எண் என்ன? நவம்பர், டிசம்பரில் 13, 14 டிகிரிக்கு வடக்கே துணை வெப்பமண்டல மேற்குக் காற்று வலுவாக இருக்கும். 9 டிகிரியில் செழிப்பாகத் தெரிந்தது 13-க்கு வந்ததும் தலையை இழப்பது இதனால்தான்.

வரைபடம் இல்லாமலும் ஷியரைப் படிக்கலாம். திரளின் ஒரு பக்க விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராகவும், எதிர்ப்பக்கம் கீற்று மேகம் நெடுந்தூரம் நீண்டும் இருந்தால் காற்று அந்த வெட்டுப் பக்கத்திலிருந்து தள்ளுகிறது. மையத்திலிருந்து அந்த விளிம்பு வரை உள்ள தூரத்தை 6 மணிக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். தூரம் குறைந்துகொண்டே வந்தால் மேகம் மையத்தை மூடுகிறது, வளர்ச்சி தொடங்கிவிட்டது. கீற்று மேகம் எல்லாப் பக்கமும் வலஞ்சுழியாக விரிந்தால் மேலே காற்று தாராளமாக வெளியேறுகிறது.

ஈரப்பதத்துக்கு நீராவிப் படம் மட்டும் போதாது. அது பெரும்பாலும் வளிமண்டலத்தின் மேல், நடு அடுக்குகளைப் பார்க்கிறது, கீழடுக்கு அதில் தெரியாது. கூடவே, சிம்ஸ் தளத்தில் கிடைக்கும் மொத்த நீராவி வரைபடத்தையும் ஓடவிடுங்கள். மையத்தைச் சுற்றி 60 மி.மீ.க்கு மேல் இருப்பது நல்லது. வடமேற்கே இந்திய நிலப்பரப்பிலிருந்து 45 மி.மீ.க்குக் குறைந்த உலர்காற்று நாக்கு நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு 12 மணி நேரத்துக்கும் மையத்தை நெருங்கினால் வாய்ப்பைக் குறையுங்கள். ஷியரும் உலர்காற்றும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் பாதிப்பு இரட்டிப்பு, ஷியர்தான் அந்த உலர்காற்றை மையத்துக்குள் திணிக்கிறது.

வானிலைத் துறை இதே கூறுகளை, அதாவது கீழ்மட்டச் சுழல்தன்மை, நடுமட்ட ஈரப்பதம், வெப்பநிலை வேறுபாடு, ஷியர் ஆகியவற்றை, உருவாக்க வாய்ப்பு அளவு என்ற ஒரே எண்ணாகச் சேர்த்துக் கணினி மாதிரியிலிருந்து வெளியிடுகிறது. 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் வளரக்கூடியது. உங்கள் முடிவை எழுதிய பிறகு இதைப் பாருங்கள், முன்பே பார்த்தால் கண் அதற்கேற்ப வளைந்துவிடும்.

கடல்

கடலின் வெப்பத்துக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். புயலுக்கு 26.5 டிகிரி வெப்பம் சுமார் 60 மீட்டர் ஆழம் வரை வேண்டும் என்பார்கள். அக்டோபர், நவம்பரில் நம் கடல் பெரும்பாலும் 28, 29 டிகிரியில் இருக்கிறது. எல்லா நாளும் நிறைவேறும் ஒரு நிபந்தனை எந்த நாளையும் பிரித்துக் காட்டாது. சமீபத்தில் வேறொரு புயல் அந்த வழியே போய் ஆழத்து நீரைக் கிளறிவிட்டிருந்தால் மட்டும் கவனியுங்கள். கடலின் வெப்பச் சேமிப்பு வரைபடத்தில் சதுர செ.மீ.க்கு 50 கிலோஜூலுக்குக் கீழே இறங்கியிருந்தால் அது குறை. நிலநடுக்கோட்டிலிருந்து 5 டிகிரி விலகியிருப்பதும் பொது விதி. 2001 டிசம்பர் இறுதியில் வாமெய் சிங்கப்பூர் அருகே சுமார் 1.5 டிகிரியில் உருவானதுபோன்ற விதிவிலக்குகள் மிக அரிது.

மேகத்துக்கு உள்ளே

அடர்ந்த கீற்று மேகம் எல்லாவற்றையும் மூடிவிட்டால் அகச்சிவப்பு குருடாகிவிடும். அப்போது மைக்ரோவேவ் படம் வேண்டும். ஜப்பானின் ஜிகாம்-டபிள்யூ செயற்கைக்கோள் மீதுள்ள ஆம்ஸர்-2 என்ற மைக்ரோவேவ் கருவி பிற்பகல் 1.30, பின்னிரவு 1.30 மணியை ஒட்டிக் கடக்கிறது. அதன் 89 கிகாஹெர்ட்ஸ் படத்தில் பனித்துகள் நிறைந்த வலுவான இடிமேகங்கள் வளைந்த பட்டையாக அடுக்கப்பட்டிருக்கின்றனவா, சிதறிய புள்ளிகளாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வளைவு தெரிந்தால் அகச்சிவப்பில் அது தெரிவதற்கு முன்பே ஒழுங்கு வந்துவிட்டது. மையத்தின் இடத்தைக் குறிக்க 37 கிகாஹெர்ட்ஸ் படத்தை எடுங்கள். கருவி சாய்வாகப் பார்ப்பதால் 89-இல் உயரத்துப் பனி 10 முதல் 15 கி.மீ. இடம் மாறித் தெரியும். 37 கீழ்மட்ட மழைநீரைப் பார்ப்பதால் அந்தப் பிழை குறைவு.

ஃபெஞ்சல் காட்டியது

எல்லாம் இருந்தும் தாமதமாவது எப்படி என்பதற்கு 2024 நவம்பர் நல்ல பாடம். பின்னர் ஃபெஞ்சல் புயலான அமைப்பு 26-ஆம் தேதி ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக இருந்தது, 27-இல் புயலாகும் என எதிர்பார்க்கப்பட்டது. இலங்கைக் கரையை ஒட்டி மெதுவாக ஊர்ந்தபடி மூன்று நாள் அதே நிலையில் கிடந்தது. புயலாகாமலே கரை கடக்கும் என்றுகூட ஒரு கட்டத்தில் கணிக்கப்பட்டது. 29 பிற்பகலில் புயலாகி, 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, அங்கேயே மணிக்கணக்கில் நின்று கொட்டித் தீர்த்தது. துவோரக் முறையின் நாளுக்கு ஒரு டி-எண் என்பது சூழல் தடையில்லாமல் இருந்தால் மட்டுமே என்பதை இது காட்டுகிறது. மையம் உறுதியாக இருக்கும்வரை, மேகம் விலகிய ஒரு நாளை வைத்து ‘வலுவிழந்தது’ என்று எழுதிவிடக் கூடாது. டி-எண்ணை முதல் 48 மணி நேரத்தில் இரவு வேளையில் குறைக்கக் கூடாது என்ற விதியும் இத்தகைய அவசரத்தைத் தடுக்கத்தான். 34 நாட், அதாவது மணிக்குச் சுமார் 63 கி.மீ. என்ற கோட்டைத் தொட்டால் பெயர் கிடைக்கும். மழை அந்தக் கோட்டுக்குக் காத்திருப்பதில்லை.

எண்ணாக எழுதுவது

வானிலைத் துறை தினமும் வெளியிடும் வெப்பமண்டல வானிலைக் கண்ணோட்டத்தில் அடுத்த ஏழு நாளுக்குத் தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பை 24 மணி நேரக் கூறுகளாகத் தருகிறது: 1 முதல் 33 சதவீதம் குறைவு, 34 முதல் 67 மிதம், 68-க்கு மேல் அதிகம். நீங்களும் அதே மூன்று படிகளில் எழுதுங்கள், ஒப்பிட எளிது. எங்கள் பழக்கம் இது: மையம் உறுதியாகாதவரை, மேகம் எவ்வளவு சிவந்தாலும் ‘குறைவு’. மூடிய சுழற்சி இரண்டு கடப்புகளில் தெரிந்து, ஷியர் 20 நாட்டுக்குள் இருந்தால் ‘மிதம்’. அதோடு டி1 நிபந்தனைகளும் நிறைவேறி, மாலைச் சோதனையிலும் தேறினால் ‘அதிகம்’. உலர்காற்று நெருங்கினால் ஒரு படி கீழே.

அமெரிக்காவின் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் தன் கண்காணிப்பிலுள்ள திரள்களுக்கு 90 முதல் 99 வரை எண் இடுகிறது, 24 மணி நேரத்துக்குள் உருவாகும் எனக் கருதினால் தனி எச்சரிக்கை தருகிறது. அவர்கள் காற்றை ஒரு நிமிடச் சராசரியாகவும் நம் துறை மூன்று நிமிடச் சராசரியாகவும் கணக்கிடுவதால், ஒரே அமைப்பை அவர்கள் சில மணி நேரம் முன்பே புயல் என்று சொல்வதுண்டு. அதை முரண்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதிவேட்டில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வரி போதும்: நேரம், மையத்தின் அட்ச தீர்க்கம், மையம் எந்தக் கருவியில் கிடைத்தது, மையத்திலிருந்து மேக விளிம்புக்குத் தூரம், தெற்கே மேற்குக் காற்று உண்டா, ஷியர், வாய்ப்புப் படி. கிடைக்காததைக் கோடிட்டு விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். படகை இறக்குவதா, திரும்ப அழைப்பதா என்ற முடிவுக்கு வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையே ஆதாரம். உங்கள் பதிவேட்டில் ‘மிதம்’ வந்த நாளிலிருந்து அந்த எச்சரிக்கையை நான்கு வேளையும் பார்த்து, பல நாள் தங்கலுக்குக் கிளம்பவிருப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.